யேமன் பச்சோந்தி: கூண்டில் வரும் சிக்கல்களும் அவற்றைத் தீர்க்கும் வழிகளும்

தலையில் உயர்ந்த கொண்டையுடன் யேமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியிலும் வாழும் பச்சோந்தி இனத்தைப் பற்றியது இந்தக் குறிப்பு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கூண்டில் மிக அதிகமாகப் பெருக்கப்படும் பச்சோந்திகளில் இதுவும் ஒன்று. "வளர்ப்பது சுலபம்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மற்றப் பச்சோந்திகளோடு ஒப்பிட்டால் அது சரி; அந்தப் பட்டியலுக்கு வெளியே அந்தச் சொல் செல்லாது.

இந்தியாவில் இருப்பவர்கள் முதலில் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் காடுகளிலும் புதர்களிலும் உள்ள இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். யேமன் இனம், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022இல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அத்தகைய அயல்நாட்டு விலங்கை வைத்திருப்போரும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ரசீதும் பதிவும் இல்லாத விலங்கை யார் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

பச்சோந்தி தன் நோயைக் கடைசிவரை மறைக்கும். நம் கண்ணுக்கு அறிகுறி தெரியும்போது கோளாறு தொடங்கிப் பல வாரம் ஆகியிருக்கும். ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் மருந்தைத் தேடுமுன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்: புற ஊதா விளக்கு மாற்றி எத்தனை மாதம் ஆயிற்று, வெயில் காயும் கிளையில் வெப்பம் எவ்வளவு, இரவில் எவ்வளவு குளிர்கிறது, சென்ற வாரத்தைவிட எடை கூடியதா குறைந்ததா. சமையலறைத் தராசு போதும். வாரம் ஒருமுறை கிராமில் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் போகும் நாளில் அந்தத் தாள் உங்களைவிடத் தெளிவாகப் பேசும்.

கண் குழிந்திருக்கிறது, எச்சம் மஞ்சளாக விழுகிறது

எச்சத்தில் கரும்பழுப்பான பகுதியோடு ஒரு வெள்ளைக் கட்டி சேர்ந்து விழும். அதுதான் யூரேட். அது வெள்ளையாக இருந்தால் உடலில் நீர் போதும். நுனியில் சிறிது மஞ்சள் இருந்தால் கவலை இல்லை. முழுவதும் ஆரஞ்சு நிறமாகிச் சுண்ணாம்புக் கட்டிபோல் உதிர்ந்தால் நீர் வற்றியிருக்கிறது. கூம்புபோல் துருத்தி நிற்கும் கண் கோபுரம் உள்வாங்குவது அதற்கும் அடுத்த கட்டம்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பயனில்லை. தேங்கி நிற்கும் நீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் கண்டுகொள்வதில்லை. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். காலையில் விளக்கு எரியுமுன் இரண்டு மூன்று நிமிடமும், இரவில் விளக்கு அணைந்த பிறகு அதே அளவும் தெளியுங்கள். பகலில் சொட்டு நீர்க் குவளையைக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். குளிர்நாடுகளில் ஹீட்டர் ஓடும் மாதங்களில் வீட்டுக் காற்று மிகவும் காய்ந்துவிடும். அப்போது வலைக்கூண்டின் மூன்று பக்கங்களைப் பிளாஸ்டிக் தாளால் மறைத்தால் ஈரம் சற்று நிற்கும்.

பகல் முழுவதும் தெளித்துக்கொண்டே இருப்பது வேறு நோயை அழைத்து வரும். இரவில் குளிர்ச்சியும் ஈரமும், பகலில் வறட்சியும் வெயிலும் என்பதே இந்த விலங்கின் மலைநாட்டு வழக்கம். ஊசிக்குழலால் வாய்க்குள் தண்ணீரைப் பீய்ச்சவும் வேண்டாம். மூச்சுத் துளை நாக்கின் அடியிலேயே இருப்பதால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும்.

பகலில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது

நலமாக இருக்கும் பச்சோந்தி பகலில் தூங்காது. இரண்டு கண்ணையும் மூடிக் கிளையில் உட்கார்ந்திருந்தால், அதுவும் கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால், அன்றே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பெண்ணாக இருந்தால் முட்டை பற்றிய பகுதியை உடனே படியுங்கள்.

ஒரு கண் மட்டும் மூடி, கோபுரம் வீங்கியிருந்தால் உள்ளே தூசியோ தோல் துணுக்கோ சிக்கியிருக்கலாம். இளஞ்சூடான நீரை நீண்ட நேரம் மென்மையாகத் தெளித்தால் அதுவே கண்ணைச் சுழற்றிக் கழுவிக்கொள்ளும். இரண்டு கண்ணிலும் வீக்கம், தோல் உரிந்தும் உரியாமலும் ஒட்டியிருத்தல், வீசிய நாக்கில் பூச்சி ஒட்டாமல் நழுவுதல் ஆகியவை சேர்ந்து வந்தால் வைட்டமின் ஏ குறைவை நினையுங்கள். நீங்கள் தூவும் பொடியில் அது ரெட்டினாலாக இருக்கிறதா, பீட்டா கரோட்டினாக மட்டும் இருக்கிறதா என்று டப்பாவின் பின்புறம் பாருங்கள். ஆனால் இந்த வைட்டமின் அளவு மீறினால் நஞ்சு. நீங்களாகச் சொட்டு மருந்து வாங்கி ஊற்ற வேண்டாம்.

நாக்கு எட்டவில்லை, கால் வளைகிறது

உடல் நீளத்தைவிட அதிகமாகப் பாய வேண்டிய நாக்கு, இரண்டு விரற்கடை வெளியே வந்து தொங்கிவிட்டுத் திரும்பும். கிளையைப் பற்ற வேண்டிய கால் தன் இன்னொரு காலையே பற்றிக்கொள்ளும். முன்னங்கை முழங்கைக்குக் கீழே வில்லாக வளைந்திருக்கும். எலும்பு மட்டுமல்ல, தசை சுருங்கவும் கால்சியம் வேண்டும். அதனால்தான் நாக்கு முதலில் தளர்கிறது.

காரணம் பெரும்பாலும் விளக்கில் இருக்கும். புற ஊதாக் கதிரின் பி வகை தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகிக் கால்சியம் உடலில் சேரும். அந்தக் கதிர் சாதாரண ஜன்னல் கண்ணாடி வழியே வராது. எனவே "எங்கள் வீட்டில் நல்ல வெயில் வருகிறது" என்பது விடையல்ல. திருகு பல்புக்குப் பதில் நீளமான டி5 குழல் விளக்கைக் கூண்டின் மேலே பொருத்துங்கள். முதுகு இருக்கும் உயரத்தில் புற ஊதாக் குறியீடு 3 அளவில் கிடைக்க வேண்டும். விளக்கு வெளிச்சமாக எரிகிறதே என்று ஏமாறாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி மங்குமுன்னே தெரியாத ஒளி தீர்ந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இரண்டாவது காரணம் இரை. சுவர்க்கோழியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. டி3 கலக்காத கால்சியம் பொடியை ஒவ்வொரு இரையிலும் மெல்லத் தூவுங்கள்; டி3யும் பிற வைட்டமினும் சேர்ந்த பொடி மாதம் இரண்டு முறை போதும். பூச்சிக்கு நாம் போடும் தீனிதான் பச்சோந்தியின் வயிற்றுக்குள் போகிறது. அந்த விஷயத்தில் நம் வீட்டுச் சமையலறை கைகொடுக்கும்: முருங்கைக்கீரையில் கால்சியம் தாராளம். பசலைக்கீரை வேண்டாம், அதில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். வளைந்த எலும்பு பழையபடி நேராகாது. மேலும் வளையாமல் நிறுத்தலாம்.

தொண்டையிலும் கழுத்திலும் தண்ணீர்ப் பைபோல வீக்கம் வந்தால் கதை எதிர்ப்பக்கம் போயிருக்கலாம். பொடி அதிகம், தீனி அதிகம். இரண்டையும் குறைத்துப் பாருங்கள். வடியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாயைத் திறந்தபடி நிற்கிறது

விளக்கின் கீழ் நின்று வாயைத் திறந்தால் சூடு அதிகம். விளக்கை உயர்த்துங்கள். விளக்கு அணைந்த குளிர்ந்த நேரத்திலும் திறந்திருந்தால், தலையை மேலே தூக்கி மூச்சு வாங்கினால், "டப்" என்ற மெல்லிய சத்தமோ வாயோரம் நுரையோ இருந்தால் மூச்சுக்குழாய்த் தொற்று. இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. மருத்துவர் மருந்து தருவார். பகலில் கூண்டைக் காயவிடுவது உங்கள் பொறுப்பு.

கறுத்துப்போய் நிற்கிறது

காலையில் விளக்கின் பக்கம் உடலைத் தட்டையாக்கிக் கறுத்து நின்றால் குளிர் காய்கிறது, விட்டுவிடுங்கள். மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியை ஆராய்ந்து ஜெனீவாப் பல்கலைக்கழகக் குழு 2015இல் வெளியிட்ட முடிவின்படி, பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் மாறுவது தோலில் உள்ள குவானின் படிகங்களின் இடைவெளி மாறுவதால். கறுப்பு வருவது தனி வழி, அது மெலனின் என்ற கரு நிறமி பரவுவதால். நாள் முழுவதும் கறுப்பாகவே இருந்தால் எதையோ பார்த்து அஞ்சுகிறது. இன்னொரு பச்சோந்தி, கண்ணாடியில் தன் பிம்பம், ஜன்னலுக்கு வெளியே காகம், எதிரே உலாவும் பூனை: அதன் கண் உயரத்துக்கு உங்கள் கண்ணைக் கொண்டுபோய், அது பார்க்கும் திசையில் நீங்களும் பாருங்கள்.

சேரவிட்டால் சண்டை

பெண்ணுக்கு ஒரு வயதாகும்வரை இணைசேர்க்க வேண்டாம். ஐந்தாறு மாதத்திலேயே பருவம் வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் தன் எலும்பே முற்றாத விலங்கு முட்டைக்குக் கால்சியம் கொடுத்தால் எது மிஞ்சும்?

பெண்ணைத்தான் ஆணின் கூண்டில் விட வேண்டும். அவள் வெளிர்ப்பச்சையாக, நீலப் புள்ளிகளுடன், நிதானமாக நடந்துபோனால் சம்மதம். கறுத்து, மஞ்சள் திட்டுகளோடு வாயைப் பிளந்து பக்கவாட்டில் ஆடினால் மறுப்பு, அப்போதே எடுத்துவிடுங்கள். "பழகட்டும்" என்று விட்டுவைப்பவர்கள் காயத்துக்குத்தான் வழி வகுக்கிறார்கள். ஒருமுறை சேர்ந்த பெண் விந்தைச் சேமித்து வைத்திருந்து, அடுத்த ஈட்டையும் (ஒருமுறையில் இடும் முட்டைகள் ஓர் ஈடு) ஆண் துணையின்றிக் கருவுள்ள முட்டைகளாக இடக்கூடும்.

பெண் தோண்டுகிறது, முட்டை இல்லை

வளர்ப்பவர்கள் அதிகம் பெண்களை இழப்பது இங்கேதான். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆணையே பார்க்காத பெண்ணும் முட்டையிடும். "எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, முட்டைக்கு வாய்ப்பில்லை" என்று நினைத்தவர்களின் கூண்டில்தான் மணல் தொட்டி இருக்காது.

கருவுற்ற பெண் இணைசேர்ந்து ஏறத்தாழ 20 முதல் 30 நாளில் முட்டையிடும். நெருங்கும்போது தீனியைக் குறைக்கும், தரையில் அலையும், மூலைகளைக் கிளறும். அப்போது தயாராக இருக்க வேண்டியது 30 செ.மீ. உயரமுள்ள தொட்டியில் குறைந்தது 20 செ.மீ. ஆழத்துக்குக் கழுவிய மணல். அதில் விரலைச் சாய்வாக நுழைத்து எடுங்கள். துளை இடியாமல் நின்றால் ஈரம் சரி. சரிந்தால் காய்ந்திருக்கிறது, அடியில் நீர் ஊறித் தெரிந்தால் அதிகம். தன்மேல் இடிந்து விழும் சுரங்கத்தில் எந்தப் பெண்ணும் முட்டையிடாது. பாதி தோண்டி மேலே வருவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் நாம். தோண்டும்போது யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் வேலையைக் கைவிடும். கூண்டைத் துணியால் மூடுங்கள், ஒரு சிறு கிழிசல் வழியே பாருங்கள், கைப்பேசியை எடுக்காதீர்கள். ஒன்றிரண்டு சோதனைக் குழிகள் சகஜம். சரியாகப் போனால் தலைகீழாகச் சுரங்கத்துக்குள் இறங்கி, திரும்பி, முட்டையிட்டு, பின்னங்காலால் மண் தள்ளி மூடி, மேலே தட்டிவிட்டு வரும். இதற்கு ஓர் இரவும் ஆகலாம், ஒன்றரை நாளும் ஆகலாம். வெளியே வரும்போது விலா ஒட்டிப்போயிருக்கும். நீண்ட நேரம் தண்ணீர் தெளித்து, சில நாள் நல்ல தீனி கொடுங்கள்.

இரண்டு நாளாகக் குழிமேல் குழி தோண்டியும் ஒன்றும் இடாமல், பிடி தளர்ந்து, பகலில் கண் சொக்கினால் முட்டை அடைத்துக்கொண்டது. மருத்துவர் எக்ஸ்ரே எடுப்பார். முட்டை வெளிவர வழி இருக்கிறதா என்று பார்த்து, கால்சியம் கொடுத்து, தேவைப்பட்டால் கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி போடுவார், முடியாவிட்டால் அறுவை. யாரோ சொன்னார்கள் என்று வீட்டில் ஊசி போடுவது கொலைக்குச் சமம். வழி அடைத்திருக்கும்போது கருப்பையைச் சுருங்க வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஈட்டில் 60, 80 முட்டை என்று பெருமையாகப் படம் போடுகிறார்களே, அது பெருமை அல்ல. தினமும் வயிறு நிறையப் பூச்சியும், 32 டிகிரி விளக்கும் கிடைத்த பெண்ணின் உடல் "நல்ல காலம் வந்துவிட்டது" என்று கணக்குப் போட்டுவிடுகிறது. முழு வளர்ச்சியடைந்த பெண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று நான்கு சுவர்க்கோழி, வெயில் கிளையில் 26 அல்லது 27 டிகிரி செல்சியஸ் என்று இறக்கினால் ஈடு 20, 30 முட்டைக்குள் அடங்கும். ஆண் துணை இல்லாத சில பெண்கள் முட்டையிடுவதையே நிறுத்திவிடுவதும் உண்டு. குறைவாகப் போடுவதற்கு மனம் வராது, தெரியும். உங்களைப் பார்த்ததும் கூண்டின் முன்பக்கம் வந்து நின்று கேட்கத்தான் செய்யும். கொடுக்காதீர்கள்.

முட்டையில் பூஞ்சை, முட்டையில் பள்ளம்

மணலை மேலிருந்து விரலால் விலக்கி, முட்டை எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே வரும்படி எடுத்து, பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மூடியுள்ள டப்பாவில் பத்துப் பங்கு வெர்மிகுலைட்டுக்கு (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) எடையில் எட்டுப் பங்கு தண்ணீர். பிழிந்தால் ஒரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. முட்டைகளைப் பாதி புதையும்படி, ஒன்றுக்கொன்று விரலளவு தள்ளி வையுங்கள். மூடியில் ஊசியளவு இரண்டு துளை. டப்பாவின் மொத்த எடையை மூடியிலேயே எழுதி ஒட்டிவிட்டால், பின்னர் எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை கிராம் தண்ணீரை ஓரமாக ஊற்றினால் போதும். ஈரத்தைக் கையால் தொட்டுப் பார்த்து ஊகிக்கும் வேலை மிச்சம்.

கூமுட்டை மஞ்சளடித்து, தளர்ந்து, சில வாரத்தில் பூஞ்சை பிடித்துச் சுருங்கும். அதை எடுத்துவிடுங்கள். வெள்ளையாக, விறைப்பாக இருக்கும் முட்டையில் பக்கத்து முட்டையின் பூஞ்சை தொற்றியிருந்தால் உலர்ந்த பஞ்சால் துடைத்துத் தள்ளி வையுங்கள். நல்ல கரு பெரும்பாலும் தப்பிவிடும். எல்லா முட்டையும் ஒரே நேரத்தில் அமுங்கினால் ஈரம் குறைவு. ஒன்று மட்டும் அமுங்கினால் அந்த முட்டையில்தான் கோளாறு. கடைசி வாரத்தில் முட்டை அமுங்கி, மேலே வியர்வைபோலத் துளி பூத்தால் பயப்பட வேண்டாம், பொரிக்கப் போகிறது.

மாதக்கணக்காகிறது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை

பொறுங்கள். கோழி முட்டைக் கணக்கு இங்கே செல்லாது. இந்த இனம் முட்டையிடும்போது கரு மிக ஆரம்ப நிலையில் இருக்கும். அதிலேயே ஏறத்தாழ இரண்டு மாதம் உறங்கிக் கிடக்கும். அந்தக் காலத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் மஞ்சள் ஒளிதான் தெரியும். இளஞ்சிவப்பு வளையமும் நரம்பும் பிறகே வரும். 26 முதல் 28 டிகிரியில் பொரிக்க ஆறிலிருந்து ஒன்பது மாதம். விரைவுபடுத்த வெப்பத்தை 30 டிகிரிக்கு மேல் ஏற்றினால் சிறுத்த, வலுவில்லாத குஞ்சுகள் வரும், அல்லது முழுதாக வளர்ந்து முட்டைக்குள்ளேயே சாகும். ஒரு டிகிரி குறைந்தால் சில வாரம் தாமதமாகும், அவ்வளவுதான்.

பாந்தர் பச்சோந்தி முட்டைக்கு இடையில் சில வாரம் குளிர்ச்சி கொடுக்க வேண்டும். ஓராண்டு வரையும் ஆகலாம். ஜாக்சன் பச்சோந்தி குட்டியாகவே ஈனும். மடகாஸ்கரின் லபோர்ட் பச்சோந்தி தன் ஓராண்டு வாழ்வில் எட்டு ஒன்பது மாதத்தை முட்டைக்குள்ளேயே கழித்து, வெளியே நான்கைந்து மாதம் மட்டும் வாழ்கிறது. அதைக் கூண்டில் வைத்துப் பெருக்க ஆசைப்படுபவர்களின் துணிச்சலை வியக்கிறேன்.

பொரிக்கும் நாளில் முட்டையின் ஒரு முனையில் நட்சத்திரம்போலக் கீறல் விழும். மூக்கு வெளியே வந்து ஒரு நாள் முழுவதும் அப்படியே இருக்கும். இழுத்து உதவி செய்யாதீர்கள். மிச்சமுள்ள மஞ்சள் கருவை அது அப்போதுதான் உள்ளே வாங்கிக்கொண்டிருக்கிறது.

குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன

முதல் வாரத்துச் சாவுக்குத் தண்ணீர்தான் முதல் சந்தேகம். சுண்டுவிரல் நீளமுள்ள உடம்பில் சேமிப்பே கிடையாது. ஒரு நாளில் மூன்று நான்கு முறை, மிக நுண்ணிய திவலையாகத் தெளியுங்கள். இரண்டாவது சந்தேகம் சூடு: பெரியவற்றுக்கு வைத்த விளக்கைக் குஞ்சுக்கும் வைத்தால் வதங்கிவிடும். 27 டிகிரியைத் தாண்ட வேண்டாம், நிழலும் இருக்கட்டும். புற ஊதா விளக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

இரை, குஞ்சின் இரண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பறக்காத பழ ஈயும் குண்டூசித் தலையளவுச் சுவர்க்கோழியும் சரி. ஒரு துண்டு வாழைப்பழத் தோலைக் கிளை நடுவே தொங்கவிட்டால் ஈக்கள் அங்கே கூடும், குஞ்சுகள் தேடி அலைய வேண்டியதில்லை. மாலையில் மிஞ்சிய சுவர்க்கோழிகளை எடுத்துவிடுங்கள். அவை தூங்கும் குஞ்சைக் கடிக்கும்.

சில குஞ்சுகள் மட்டும் வளரவில்லை, வால் நுனி கறுத்திருக்கிறது

ஒரே கூண்டில் பத்துக் குஞ்சு இருந்தால் மூன்று ராஜாக்கள் உருவாகிவிடுவார்கள். அவை மேல்கிளையில் வெளிச்சத்தையும் ஈயையும் பிடித்துக்கொள்ள, மற்றவை கீழே கறுத்துப்போய் இலைக்குப் பின்னால் ஒண்டும். இளைத்தவற்றைத் தனியே எடுங்கள். பல நேரங்களில் வேறு மருந்து தேவைப்படுவதில்லை. கறுத்த வால் நுனி, இன்னொன்று கடித்த காயமாகவும் இருக்கலாம், தோல் உரியாமல் இறுக்கிய வளையமாகவும் இருக்கலாம். கறுப்பு மேலே ஏறினால் மருத்துவரிடம் காட்டுங்கள். எட்டுப் பத்து வாரத்துக்குள் எல்லாவற்றையும் பிரித்து, ஒன்று மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி கூண்டுகளுக்கு இடையே அட்டை வையுங்கள்.

பிரிக்கும்போதே ஆண் எது பெண் எது என்று குறித்துக்கொள்ளலாம். பின்னங்காலின் குதிகாலில் சிறு முள்போன்ற புடைப்பு இருந்தால் ஆண்; பொரித்த நாளிலிருந்தே அது தெரியும். பெண்ணை வாங்கிப் போகிறவரிடம் இரண்டு விஷயங்களை எழுதியே கொடுத்துவிடுங்கள்: ஐந்தாவது மாதத்திலிருந்து கூண்டில் மணல் தொட்டி இருக்க வேண்டும், வளர்ச்சி முடிந்ததும் தீனியைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.